பங்குதாரர்களுக்கு, தமிழில்

அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. இரும்பை உருக்கி, தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் மூட்டுகளை வார்த்து எடுக்கும் கம்பெனி அது. பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற எங்கள் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். ஆங்கிலத்தில் ஹையர், தமிழில் லோயர் என்று டைப்ரைட்டிங் பரீட்சை இரண்டையும் பொன்னேரியில் முடித்திருந்தேன். விடிந்ததும் பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கே ரயிலைப் பிடித்தால் எட்டரை மணிக்கு என் நாற்காலியில் இருப்பேன். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை.

என்னைக் கம்பெனி செகரட்டரியிடம் போட்டார்கள். ஐம்பது வயதுக்காரர், முழுக்கைச் சட்டை, சிவப்பு மை பேனா. ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்கச் சொல்வார். முதல் ஆறு மாதம் அவர் நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலே, அடித்த பக்கத்தை முதலில் இருந்து மறுபடி படிப்பேன். பிறகு தெரிந்தது, தான் எழுதிய கடிதத்தையும் அவர் அப்படித்தான் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுவார் என்று.

எங்கள் பிரிவின் பெரிய வேலை வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஆண்டறிக்கை. கணக்கு முடித்து, ஆடிட்டர்கள் வந்து போன பிறகு, இயக்குநர்களின் அறிக்கை, ஆடிட்டர் அறிக்கை, ஐந்தொகை என்கிற பேலன்ஸ் ஷீட், லாப நஷ்டக் கணக்கு, பொதுக்கூட்ட அறிவிப்பு எல்லாவற்றையும் நான் டைப் அடிக்க வேண்டும். சென்னையில் ஒரு அச்சகத்தில் இருந்து புரூஃப் வரும். செகரட்டரி ஒரு பிரதியை வைத்துக்கொண்டு வாசிக்க, நான் இன்னொன்றில் விரலை வைத்துக்கொண்டே வருவேன். மூன்று முறை இப்படி. அச்சாகி வந்ததும் ஒவ்வொன்றுக்கும் தாள் சுற்றி, விலாசம் ஒட்டி, கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்னால் தபாலில் சேர்த்தாக வேண்டும். அது சட்டம். கம்பெனிக்குப் பணம் போட்டவர்களிடம், அந்தப் பணத்தை வைத்து வருஷம் முழுவதும் என்ன செய்தோம் என்று நிர்வாகம் ஒப்புவிக்க வேண்டும். ஒப்புவித்த பிறகுதான் அவர்கள் கூட்டத்தில் கையைத் தூக்கவோ தூக்காமல் இருக்கவோ முடியும். செகரட்டரி இதை எனக்கு முதல் வருஷமே சொல்லியிருந்தார்.

விலாசங்களில் பெரும்பாலானவை சென்னை, பம்பாய். ஆனால் நூற்றுக்கு மேற்பட்டவை எங்கள் பக்கத்துக் கிராமங்கள். தொழிற்சாலைக்காக நிலம் கொடுத்த நெல் விவசாயிகள் அவர்கள். கம்பெனி ஆரம்பித்தபோது கையில் ரொக்கம் போதவில்லை. நிலத்தின் விலையில் ஒரு பகுதியைப் பணமாகவும் மீதியைப் பங்குகளாகவும் கொடுத்திருந்தார்கள். பங்குதாரர் பதிவேட்டைப் புரட்டினால் அந்தப் பக்கங்களில் கையெழுத்தை விடக் கைநாட்டுதான் அதிகம்.

எனக்கு அந்த அறிக்கையின் மேல் ஒரு கர்வம் இருந்தது. பதினாறு பக்கம், ஒரு பிழை கிடையாது. இரண்டாம் வருஷம் அறிக்கைகள் தபாலில் போன பத்து நாளில், சாயங்காலம் ரயிலுக்காகக் காத்திருந்தபோது ஸ்டேஷன் வாசலில் வறுத்த கடலை வாங்கினேன். கடலையைத் தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே எங்கள் ஐந்தொகை. சொத்துகள் பக்கம் முழுசாக இருந்தது. மூன்று முறை விரல் வைத்துச் சரிபார்த்த எண்கள். கடலைக்காரரிடம் கேட்டேன். ஊர்ப்பக்கம் இருந்து பழைய பேப்பரோடு வந்தது, தாள் நல்ல கெட்டி என்றார். நான் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு அம்மாள் ஆபீசுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, தானே ஆள் வைத்துப் பயிர் செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. கேட்டில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பியிருந்தார்கள். இடுப்பில் செருகியிருந்த துணி மூட்டையை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். நாலு வருஷத்து ஆண்டறிக்கைகள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, சுற்றின தாள் சுற்றினபடியே இருந்தது.

"இத்தப் பாரும்மா. வருஷா வருஷம் வந்துகினே கீது. கோர்ட்டு நோட்டீசுன்னு சொல்றான் ஒருத்தன், வரி கட்டச் சொல்றாங்கன்னு சொல்றான் இன்னொருத்தன். நான் இதுக்கு எவ்ளோ துட்டு கட்டணும், சொல்லிடு. கட்டிட்டுப் போறேன்."

நாலு வருஷமாக அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார். நெல் குதிருக்குப் பின்னால், பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார். நான் அவரை உட்கார வைத்து, ஒன்றைப் பிரித்துக் காட்டி, நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம் என்றேன். இந்தக் கம்பெனியில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது, நீங்களும் ஒரு முதலாளி, முதலாளிக்கு ஒப்புவிக்கிற கணக்குதான் இது என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் மொதலாளின்னா அந்த வாட்ச்மேன் இன்னாத்துக்கு என்ன வெயில்ல நிக்க வெச்சான்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அறிக்கையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இதுல என் நெலம் எங்க கீது, காட்டு" என்றார்.

அவருடைய நிலத்தில்தான் எங்கள் உலைக்கூடம் நின்றது. ஐந்தொகையில் பங்கு மூலதனத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். மேலே சொன்ன பங்குகளில் இத்தனை பங்குகள், ரொக்கமாக அல்லாமல் வேறு வகையில் பெற்ற மதிப்புக்காக ஒதுக்கப்பட்டவை என்று. அந்த வரியை இரண்டு வருஷமாக டைப் அடித்திருக்கிறேன். அது ஒரு நடவு வயல் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். இங்கிலீஷில் இருந்ததால் அவருக்கு அது எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருந்திருக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்.

அன்று மதியம் செகரட்டரியின் அறைக்குப் போய்க் கடலைப் பொட்டலத் தாளை அவர் மேஜை மேல் வைத்தேன். அந்த அம்மாள் வந்ததையும் சொன்னேன். ஊர்க்காரர்களுக்குத் தமிழில் ஒன்று போடலாமா சார், நானே எழுதி, நானே டைப் அடிக்கிறேன் என்றேன். அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய்க் கறைக்கு நடுவிலும் ஏதாவது பிழை இருக்கிறதா என்று தேடினார் என்றே நினைக்கிறேன்.

சட்டம் தமிழில் கேட்கவில்லை என்றார். ஒரு வார்த்தை தப்பாகப் போனால், தமிழைப் படித்துவிட்டு ஏமாந்தேன் என்று ஒருவர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். நான் போகத் திரும்பினேன். "ஆனா வேண்டாம்னும் சட்டம் சொல்லலை" என்றார். பிறகு நிபந்தனைகள் வந்தன. ஒரு எண் மாறக்கூடாது. நல்ல செய்தியைப் பெரிதாக்கக்கூடாது, கெட்ட செய்தியைச் சின்னதாக்கக்கூடாது. ஆங்கில அறிக்கைதான் இறுதியானது என்று முதல் பக்கத்திலேயே போட வேண்டும். ஆபீஸ் வேலைக்கு நடுவில் செய்யக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

அடுத்த வருஷத்து அறிக்கைக்கான வேலை ஆரம்பித்ததும் நானும் ஆரம்பித்தேன். ரயிலில், பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில். எழுத எழுதத்தான் ஒன்று புரிந்தது: இரண்டு வருஷமாக நான் பிழையில்லாமல் அடித்த பலவற்றுக்கு எனக்கே அர்த்தம் தெரியாது. டிப்ரிசியேஷன் என்பதற்குத் தேய்மானம் என்று எழுதிவிட்டேன். ஆனால் கையை விட்டுப் போகாத பணத்தை எதற்காகச் செலவு என்று கழிக்கிறார்கள் என்று எவராவது கேட்டால் என்ன சொல்வது? யோசித்துக்கொண்டே வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஏரியில் இருந்து படகுகள் வந்து, அன்றைய மீன் விற்ற காசைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. வலை காசு கேட்காது. ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிழிகிறது, அதற்கென்று ஒதுக்காவிட்டால் ஒரு நாள் வலை இருக்காது. தேய்மானம் என்றால் இதுதான். சின்ன வயசில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அன்று என் அப்பாவிடம், நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், எழுதியதை முதலில் இருந்து வாசித்துக் காட்டினேன். நைனாவுக்கு எழுத்து தெரியாது, பங்கு தெரியும். உலைக்கு, மெஷினுக்கு, கட்டடத்துக்கு என்று கழித்த தொகைகளைச் சொல்லி, இது வலைப்பங்கு மாதிரி நைனா என்றேன். மேலே படி என்றார். கடன், கையிருப்புச் சரக்கு, வர வேண்டிய பாக்கி எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கே அவர் முகம் சுருங்கியதோ அங்கே நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். அந்த இடங்களைத் திரும்ப எழுதினேன்.

அந்தச் சின்ன எழுத்து வரியையும் மாற்றினேன். இத்தனை பங்குகள், தொழிற்சாலை அமைக்க நிலம் கொடுத்தவர்களுக்கு அந்த நிலத்துக்காக வழங்கப்பட்டவை என்று எழுதினேன். செகரட்டரி அதன் மேல் சிவப்பு மை பேனாவை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, எண்ணை மட்டும் சரிபார்த்து விட்டுவிட்டார்.

அந்த வருஷம் கம்பெனிக்கு நஷ்டம். ஏன் என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். விலை மலிவு என்று வார்ப்பு அச்சு செய்யும் மணலைப் புது இடத்தில் இருந்து வாங்கினார்கள். அந்த மணலில் வார்த்த குழாய் மூட்டுகள் விரிசல் விட்டு, ஒரு பெரிய ஆர்டர் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இயக்குநர்கள் அறிக்கையின் வரைவில், நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலைகளால் வருஷத்தின் செயல்பாடு பாதிக்கப்பட்டது என்று ஒரே வரி. அதைத் தமிழில் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் புயல் வந்த மாதிரி இருந்தது.

செகரட்டரியிடம் போய், இந்த இடத்தில் என்ன சூழ்நிலை என்று எழுதுவது சார் என்று கேட்டேன்.

"அதுல இருக்கறதை அப்படியே எழுதும்மா."

"அந்த அம்மா வந்து, இன்னா சூழ்நிலைன்னு கேப்பாங்க சார். அப்போ நான் இன்னா சொல்றது?"

அவசரத்தில் எங்கள் பக்கத்துப் பேச்சு வந்துவிட்டது. ஆபீசில் நான் அப்படிப் பேசுவதில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு என் தமிழ்த் தாளையும் ஆங்கில வரைவையும் எடுத்துக்கொண்டு மானேஜிங் டைரக்டர் அறைக்குப் போனார். கதவு ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடியே இருந்தது. உள்ளே குரல் உயர்ந்தது கேட்டது. அது செகரட்டரியின் குரல் இல்லை. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு, பாதி அடித்த கடிதத்தை மெஷினில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது அவர் கையில் இருந்த ஆங்கில வரைவில் அந்த வரி அடித்து நீக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதில் மானேஜிங் டைரக்டரின் கையெழுத்தில் ஐந்து வரி இருந்தது. மணல் வாங்கியது, சோதிக்காமல் உபயோகித்தது, ஆர்டர் திரும்பியது, இனி ஒவ்வொரு லாரி மணலையும் சோதித்த பிறகே இறக்குவது என்று முடிவெடுத்தது, எல்லாம் அதில் இருந்தது.

"தமிழ்ல சொல்ல முடியாததை இங்கிலீஷ்ல மட்டும் எப்படிச் சொல்றதுன்னு கேட்டேன்," என்றார் செகரட்டரி. "அடிச்சிடு."

ஆபீசில் தமிழ் டைப்ரைட்டர் கிடையாது. நான் படித்த பொன்னேரி இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மெஷினை வாடகைக்குப் பேசி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே உட்கார்ந்து மெழுகுத்தாளில் ஸ்டென்சில் வெட்டினேன். எட்டுப் பக்கம். ஸ்டென்சில்கள் கசங்காமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு கொண்டு வந்தேன். அவற்றில் இருந்து பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினில் என்னோடு செகரட்டரியும் நின்று தாள் எடுத்துக் கொடுத்தார். அவருடைய முழுக்கைச் சட்டையில் மை பட்டதை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன்.

பொதுக்கூட்டம் கம்பெனியின் பதிவு அலுவலகம் இருக்கிற ஊரிலேயே நடக்க வேண்டும், அதுவும் வேலை நாளில், வேலை நேரத்தில். எங்கள் பதிவு அலுவலகம் தொழிற்சாலையில்தான் இருந்தது. ஆகவே கூட்டம் எப்போதும் கேண்டீனில் நடக்கும். முந்தைய வருஷங்களில் ஆறு பேரோ ஏழு பேரோ வருவார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்து காபி வந்துவிடும். இந்த முறை காலை ஒன்பதரைக்கே கேட்டில் ஆட்கள் நின்றார்கள். வேட்டி மடித்துக் கட்டியவர்கள், தலையில் துண்டு கட்டியவர்கள், கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள். எல்லோர் கையிலும் எங்கள் எட்டுப் பக்கம். நான் பதிவேட்டை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பெயராகப் பார்த்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி உள்ளே அனுப்பினேன். நாற்காலி போதாமல் உலைக்கூடத்தில் இருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள்.

அந்த அம்மாள் முன் வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்து மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டதாக என்னிடம் சொன்னார். சேர்மன் சென்னையில் இருந்து வந்திருந்தார். இவ்வளவு பேரைப் பார்த்து முதலில் அவருக்கு எரிச்சல்தான் வந்தது, கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கை ஏற்றுக்கொள்கிற தீர்மானத்தை முன்மொழிந்து, வழிமொழிந்து, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்கள். அந்த அம்மாள் எழுந்தார்.

"நாலாம் பக்கத்துல எழுதி கீது, சாமான்லாம் திரும்பி வந்துடுச்சின்னு. அது இப்ப எங்க கீது?"

மானேஜிங் டைரக்டர், கிடங்கில் இருக்கிறது, உருக்கி மறுபடி வார்க்கலாம், முழுவதும் நஷ்டம் ஆகாது என்றார்.

"சரி. அந்த மணல நாத்து உடற மாதிரி கொஞ்சம் போட்டுப் பாத்துட்டு மீதிய வாங்கியிருக்கலாமே. எங்க வெதையயே நாங்க அப்படித்தான் பாப்போம்."

மானேஜிங் டைரக்டர் எழுந்து நின்றார். நீங்கள் சொல்வது சரி, அப்படிச் செய்யாதது என் தவறு என்றார். அவர் அப்படிச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. சேர்மன் அதன் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கேள்விகள் முக்கால் மணி நேரம் போயின. கடன் யாரிடம் வாங்கியது, வட்டி எவ்வளவு, எப்போது லாபம் வரும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை உண்டா. சிலதுக்கு அறிக்கையில் பதில் இருந்தது. அவர்களே பக்கம் சொல்லிக் கேட்டார்கள். கடைசியில் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது அந்த அம்மாள் முதலில் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு கையைத் தூக்கினார். எல்லாக் கைகளும் எழுந்தன. நஷ்டக் கணக்கு ஏகமனதாக நிறைவேறியது.

வாசலில் நின்றபடி, அன்று பதிவேட்டில் விழுந்த கையெழுத்துகளையும் கைநாட்டுகளையும் எண்ணினேன். என் வாழ்க்கையில் பரிசோ பட்டமோ வாங்கியதில்லை. அன்றைக்கு இருந்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்து பிறகு இருந்திருக்கிறேனா என்று தெரியவில்லை.

மறு வருஷம் நஷ்டம் நின்றது. அதற்கடுத்த வருஷம் சிறிய லாபப் பங்கு கொடுத்தார்கள். தமிழ் அறிக்கை நிற்கவில்லை. மூன்றாம் வருஷத்தில் இருந்து அதையும் சென்னையில் அச்சடித்தார்கள். என்னை டைப்பிஸ்ட் வேலையில் இருந்து மாற்றிப் பங்குப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். கல்யாணம் ஆகி, பொன்னேரியில் வீடு பார்த்துக்கொண்டு, குழந்தை பிறந்த பிறகும் ஆண்டறிக்கை நாட்களில் நான் லீவு எடுத்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், அறிக்கைகள் போன நாலாம் நாள் ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. பெரியபாளையம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு பங்குதாரர், நடுங்குகிற எழுத்தில் எழுதியிருந்தார். தமிழ் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் கையிருப்புச் சரக்கின் மதிப்பு ஒன்றாகவும் ஆறாம் பக்கத்தில் வேறாகவும் இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. அச்சகத்தின் பிழை; ஆனால் புரூஃபில் விரல் வைத்தது நான். செகரட்டரியிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"ஆறாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கார்," என்றார்.

தமிழ் அறிக்கை போன எல்லோருக்கும் திருத்தம் அனுப்பச் சொன்னார். கடிதம் எழுதியவருக்குத் தனியாக நன்றி எழுதச் சொன்னார். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து அத்தனை உறைகளுக்கும் நானே விலாசம் ஒட்டினேன். செய்த தப்புக்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில், வழியில் யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடலாமா என்கிற சந்தோஷத்தோடு ரயிலுக்கு நடந்தேன்.